சுரேகா சிக்ரியின் நடிப்பில் பேச்சுமொழி: மேடை, திரை, தொலைக்காட்சி

நடிகர் ஒருவரின் கலைவாழ்வை மதிப்பிடுவோர் அவர் ஏற்ற பாத்திரங்களையும் பெற்ற விருதுகளையும் வரிசைப்படுத்துவதோடு அமைந்துவிடுதல் வழக்கம். முகபாவமும் உடலசைவும் ஓரளவு பேசப்படும். பேச்சைப் பற்றிய கருத்தோ 'குரல்வளம்', 'உச்சரிப்புத் தெளிவு' என்னும் இரு தொடர்களுக்குள் அடங்கிவிடும். நடிகர் எந்த மொழியின் எந்த வழக்கைப் பேசினார், அவ்வழக்கின் எந்தக் கூறுகளைத் தெரிந்தெடுத்தார், அக்கூறுகள் பாத்திரத்தின் சமூக நிலையை எவ்வாறு புலப்படுத்தின என்னும் வினாக்களைத் திறனாய்வாளர் எழுப்புவதில்லை. மொழியியலாரும் நடிப்பை ஆய்வுப்பொருளாகக் கொள்வது அரிது.

இவ்வினாக்களை எழுப்புவதற்கு மிகவும் ஏற்ற கலைவாழ்வு சுரேகா சிக்ரியினுடையது. 1945 ஏப்ரல் 19இல் பிறந்து 2021 ஜூலை 16இல் மும்பையில் மறைந்த இந்நடிகை மேடை, திரைப்படம், தொலைக்காட்சி ஆகிய மூன்று துறைகளிலும் சிறந்து விளங்கினார். நாடக நடிப்புக்காக 1989ஆம் ஆண்டிற்குரிய சங்கீத நாடக அகாதெமி விருதைப் பெற்றார். சிறந்த துணை நடிகைக்கான தேசியத் திரைப்பட விருது அவருக்கு மும்முறை வழங்கப்பட்டது. முதல் விருது 'தமஸ்' படத்திற்காகவும், இரண்டாவது 'மம்மோ' படத்திற்காகவும், மூன்றாவது 'பதாயீ ஹோ' படத்திற்காகவும் கிடைத்தன. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே முப்பது ஆண்டுகள் கழிந்துள்ளன.

விருதுப் பட்டியல்களில் இம்மூன்று படங்களுக்கும் 'இந்தி' என்னும் ஒரே மொழிப்பெயர் குறிக்கப்பட்டுள்ளது. ஆயினும் இவற்றில் சிக்ரி பேசுவது ஒரே மொழியன்று. முதற்படத்தில் மேற்குப் பஞ்சாபின் ஓசை. இரண்டாவதில் மும்பையில் வாழும் முஸ்லிம் குடும்பம் ஒன்றின் உருது. மூன்றாவதில் மீரட்டுப் பகுதியின் வட்டார வழக்கு. இவற்றோடு அவரை நாடறியச் செய்த தொலைக்காட்சித் தொடரின் இராசத்தானி கலந்த பேச்சையும் சேர்த்தால் நான்கு வழக்குகள் ஆகின்றன. இந்நான்கையும் வேறுபடுத்திக் காட்டிய திறனே அவருடைய நடிப்பின் அடிப்படை என்பதும், மொழிமாற்றத்தின்போது முதலில் இழக்கப்படுவது அத்திறனே என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

1. மேடைப் பயிற்சி

சிக்ரியின் இளமைப்பருவம் அல்மோரா, நைனிதால் ஆகிய மலைநகரங்களில் கழிந்தது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பயின்றார். பின்னர்த் தில்லியிலுள்ள தேசிய நாடகப் பள்ளியில் பயிற்சி பெற்று, அப்பள்ளியின் நாடகக் குழுவில் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றினார். 1959இல் தொடங்கப்பெற்ற அப்பள்ளியை 1962 முதல் 1977 வரை இயக்குநராக இருந்து உருவாக்கியவர் இப்ராஹிம் அல்காசி. அவர் காலத்தில் வகுக்கப்பட்ட ஒழுங்கும் உழைப்பும் சிக்ரியின் தலைமுறை நடிகர்களிடம் நிலைத்துவிட்டன.

மொழிபெயர்ப்பாளர்கள் கருதத்தக்க செய்தி ஒன்று இங்குண்டு. தேசிய நாடகப் பள்ளியின் மேடை பெரும்பகுதி மொழிபெயர்ப்பு நாடகங்களால் வாழ்ந்த மேடையாகும். கிரேக்க நாடகங்களும் மோலியர், பிரெக்ட் முதலியோரின் படைப்புகளும் இந்தியிலும் உருதுவிலும் அங்கு நடிக்கப்பெற்றன. கன்னடத்தில் கிரீஷ் கர்னாட் 1964இல் எழுதிய 'துக்ளக்' நாடகம் நாடு முழுவதும் பெயர்பெற்றது பி. வி. காரந்தின் மொழிபெயர்ப்பு வழியாக அப்பள்ளி மேடையேறிய பிறகேயாம். மராத்தியிலிருந்து வந்த நாடகங்களும் பல. இத்தகைய மேடையில் வளரும் நடிகர்க்கு ஒரு தெளிவு இயல்பாகவே உண்டாகும். பாத்திரத்தின் தாய்மொழி வேறு, மேடையில் ஒலிக்கும் மொழி வேறு என்பதே அத்தெளிவு. கன்னடத்தில் எண்ணப்பட்டவனை உருதுவில் பேசவைக்க வேண்டுமாயின், உருதுவின் எந்தப் படிநிலை அவனுக்கு ஏற்றது என்பதை மொழிபெயர்ப்பாளரோடு நடிகரும் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

சிக்ரியின் நடிப்பை 'இயல்பானது' என்று பாராட்டுவோர் பலர். இப்பாராட்டு முழுவதும் பொருந்துவதன்று. அவர் ஏற்ற கிழவிகளின் பேச்சு எதுவும் அவருக்குப் பிறப்பால் வந்த பேச்சன்று. கேட்டும் பொறுக்கியும் பழகியும் அமைத்துக்கொண்ட பேச்சே ஆகும். அமைத்துக்கொண்டது என்பது வெளியே தெரியாமற் போனமையால் அதற்கு 'இயல்பு' என்னும் பெயர் வாய்த்தது.

2. 'தமஸ்': ஓசையளவில் நிற்கும் வழக்கு

1978இல் வெளிவந்த 'கிஸ்ஸா குர்ஸீ கா' சிக்ரியின் முதல் திரைப்படம். எனினும் பரந்த மக்கள் கூட்டம் அவரைக் கண்டது 1988இல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பப்பட்ட கோவிந்த் நிஹலானியின் 'தமஸ்' படத்திலேயாம். பீஷ்ம சாஹ்னியின் நாவலைத் தழுவிய அப்படம் நாட்டுப் பிரிவினையை ஒட்டி எழுந்த வகுப்புக் கலவரத்தைப் பொருளாகக் கொண்டது. அதன் ஒளிபரப்பைத் தடுக்கக் கோரி நீதிமன்றம் வரை சென்றனர். உச்ச நீதிமன்றம் அவ்வேண்டுகோளை ஏற்கவில்லை.

படத்தில் சிக்ரி ஏற்றது ராஜோ என்னும் முஸ்லிம் கிராமத்துப் பெண்ணின் பாத்திரம். தேநீர்க் கடை நடத்திவந்த முதிய சீக்கியர் ஹர்னாம் சிங்கும் அவர் மனைவி பந்தோவும் உயிருக்கு அஞ்சி ஓடிவந்து ராஜோவின் கதவைத் தட்டுகின்றனர். வீட்டு ஆண்கள் கொள்ளைக்குச் சென்றிருக்கின்றனர். ராஜோ தயங்குகிறாள், பின்பு உள்ளே விடுகிறாள். திரும்பிவரும் கணவன் கொண்டுவரும் பெட்டி, ஒளிந்திருக்கும் அம்முதியோரின் கடையிலிருந்து கொள்ளையிடப்பட்ட பெட்டியே ஆகும். ஹர்னாம் சிங்காக நடித்தவர் நாவலாசிரியர் பீஷ்ம சாஹ்னி. பந்தோவாக நடித்தவர் தீனா பாடக்.

ராவல்பிண்டிப் பகுதியின் கலவரங்களைப் பின்னணியாகக் கொண்ட கதை இது. உண்மையில் அவ்வூர்ப் பெண் ஒருத்தி பேசக்கூடியது மேற்குப் பஞ்சாபியின் ஒரு வட்டார வழக்காகும். பஞ்சாபியைத் தாய்மொழியாகக் கொண்ட சாஹ்னி அவளை இந்தியில் பேசவைத்தார். ஆகவே ராஜோவின் பேச்சு நாவலிலேயே ஒருமுறை மொழிபெயர்க்கப்பட்டுவிட்டது. நாடு முழுவதற்குமான ஒளிபரப்பு என்பதால் படமும் எல்லாருக்கும் விளங்கும் இந்துஸ்தானியையே கைக்கொண்டது. இலக்கணமும் சொற்களும் பொதுவழக்கைச் சார்ந்துவிட்ட நிலையில், வட்டாரத்தைக் காட்டுவதற்கு நடிகைக்கு எஞ்சியது ஓசை ஒன்றே. சொல்லின் ஏற்ற இறக்கத்திலும், சொற்றொடரை முடிக்கும் முறையிலும், இடையில் விடும் நிறுத்தத்திலுமே ராஜோவின் ஊர் கேட்கிறது.

தயக்கம், அச்சம், இரக்கம் ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் அக்கதவுக் காட்சியில் ராஜோவின் சொற்கள் மிகச் சிலவே. அடைக்கலம் தருவது அறமா, ஆபத்தா என்று அவள் வாதிடுவதில்லை. உரையாடலில் எழுதப்படாத அம்முடிவை நிறுத்தங்கள் உணர்த்துகின்றன. ஆறு பக்க உரையாடலுக்கு உரிய பொருளை ஆறு சொற்களில் தருவது உரையாசிரியரின் சிக்கனம் மட்டுமன்று. பேசுபவரின் திறனும் ஆகும்.

பல ஆண்டுகளுக்குப் பின், 2002இல் வெளிவந்த அபர்ணா சென்னின் 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஐயர்' படத்தில் சிக்ரியும் சாஹ்னியும் மீண்டும் சேர்ந்து நடித்தனர். அதில் இருவரும் பேருந்தில் செல்லும் முதிய முஸ்லிம் தம்பதியர். கலவரக்காரர் முதியவரை இறக்கிக்கொண்டு செல்ல, மனைவி பின்தொடர்ந்து செல்கிறாள். முன்னர் அடைக்கலம் தந்தவளாக நடித்தவர் பின்னர் அடைக்கலம் கிட்டாதவளாக நடித்தார். தமிழ்ப் பார்ப்பனப் பெண் ஒருத்தியை மையமாகக் கொண்டு, ஆங்கிலம், தமிழ், வங்கம், இந்தி எனப் பல மொழிகள் ஒரே பேருந்துக்குள் ஒலிக்கும் அப்படத்தில் ஒவ்வொருவரின் பேச்சும் அவருடைய சமூகத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாகிவிடுகிறது. பேச்சுவழக்கு உயிர்ப்பிரச்சினையாகும் இடம் அது.

3. 'மம்மோ', 'சுபைதா': கேட்பவளின் உருது

1994ஆம் ஆண்டின் 'மம்மோ' ஷியாம் பெனகல் இயக்கியது. கதை எழுதியவர் காலித் முகமது. மெஹ்மூதா பேகம் என்னும் மம்மோ, பிரிவினைக்குப் பின் கணவனோடு பாகிஸ்தானில் வாழ்ந்து, கணவன் இறந்தபின் உறவினரால் வெளியேற்றப்பட்டு, மும்பையிலுள்ள தன் சகோதரி ஃபய்யாசியிடம் வருகிறாள். தங்குவதற்கான அனுமதிக் காலம் முடிந்ததும் நாடுகடத்தப்படுகிறாள். மம்மோவாக ஃபரீதா ஜலாலும் ஃபய்யாசியாகச் சிக்ரியும் நடித்தனர்.

சகோதரிகள் இருவரும் ஒரே ஊரிற் பிறந்து ஒரே மொழியைப் பேசுவோர். ஆயினும் அவர்களின் பேச்சு ஒன்றாக இல்லை. மம்மோ ஓயாது பேசுபவள். நினைவும் வேடிக்கையும் புலம்பலும் ஒன்றோடொன்று கலந்துவரும் பேச்சு அவளுடையது. ஃபய்யாசியோ தாயற்ற பேரனைக் குறைந்த வருவாயில் வளர்ப்பவள், அளந்து பேசுபவள். உரையாடல் ஆய்வில் 'பேச்சு முறை' என்று சுட்டப்படும் கூறு, அதாவது யார் எப்போது பேச்சை எடுத்துக்கொள்கிறார், யார் விட்டுக்கொடுக்கிறார் என்பது, இப்படத்தின் நாடகத் தன்மைக்கே அடிப்படையாகிறது. சிக்ரியின் பங்கு பெரும்பாலும் கேட்பதாகும். உடன்பிறந்தவளின் சொல்லை இடைமறிப்பதும், மறுமொழி கூறாது விடுவதும், பேரனிடம் சினத்தைக் காட்டிச் சகோதரிக்கு அதை உணர்த்துவதும் அவருடைய கருவிகள். 'துணை நடிகை' என்னும் விருதுப்பெயர் இங்கு நேர்பொருளில் பொருந்துகிறது. ஒருவர் பேசுவதைப் பேச்சாக்குவது மற்றொருவர் கேட்கும் முறையே.

உருதுவின் உயர்வழக்கு திரையில் பெரும்பாலும் கவிதை நயத்தோடு ஒலிப்பது வழக்கம். சிக்ரி அதை அவ்வாறு பேசவில்லை. அரிசியும் வாடகையும் பள்ளிக் கட்டணமும் பேசும் வீட்டு உருதுவாகவே அது அமைந்தது. மரியாதைப் பன்மையும் விளிச்சொற்களும் நாத்தழும்பேறிய பழக்கமாக வருகின்றன. 2001இல் வெளிவந்த பெனகலின் 'சுபைதா' படத்தில் இதே ஃபய்யாசியின் முந்தைய வாழ்வைச் சிக்ரி நடித்தார். கணவனின் ஆதிக்கத்துக்கு அடங்கிய, மகளின் வாழ்வு சிதைவதைத் தடுக்க இயலாத தாய் அவள். முதலில் முதுமையையும் ஏழாண்டுகள் கழித்து இளமையையும் நடிக்க நேர்ந்தமை அரிய நிகழ்ச்சி. 'மம்மோ'வில் கேட்ட அளந்த பேச்சின் காரணம் 'சுபைதா'வில் விளங்குகிறது. பேசினால் பயனில்லை என்று கற்றுக்கொண்ட ஒரு பெண்ணின் பேச்சு அது.

4. 'பாலிகா வது': அமைக்கப்பட்ட இராசத்தானி

2005 முதல் 2009 வரை ஒளிபரப்பான 'சாத் ஃபேரே' தொடரில் இராசத்தானக் குடும்பம் ஒன்றின் மூத்த பெண்ணாகச் சிக்ரி நடித்தார். அவ்வழக்கில் அவருக்கிருந்த பழக்கம் 2008 ஜூலையில் தொடங்கிய 'பாலிகா வது' தொடரில் முழுமை பெற்றது. எட்டு வயதில் மணம் செய்விக்கப்படும் ஆனந்தி என்னும் சிறுமியின் வாழ்க்கையைக் கூறும் அத்தொடர் 2016 வரை நீடித்தது. கல்யாணி தேவி என்னும் குடும்பத் தலைவியாக, 'தாதிசா' என்று எல்லாராலும் அழைக்கப்படுபவராகச் சிக்ரி நடித்தார்.

தொடரின் மொழி இராசத்தானி அன்று என்பதை மொழியியலார் எளிதில் உணர்வர். வினைமுற்று அமைப்பும் தொடரமைப்பும் இந்தியே. தன்மை, முன்னிலை இடப்பெயர்களின் வேற்றுமை வடிவங்கள் சிலவும், 'பீந்தணி' போன்ற உறவுச்சொற்களும், 'சா' என்னும் மரியாதை ஒட்டும் அதன்மேல் தூவப்பட்டுள்ளன. இராசத்தானி இன்றளவும் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் இடம்பெறவில்லை. சாகித்திய அகாதெமியோ தான் ஏற்கும் 24 மொழிகளுள் ஒன்றாக அதைக் கொண்டுள்ளது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதனையும் மார்வாரியையும் இந்தி என்னும் தலைப்பின்கீழ்த் தொகுத்தது. தொலைக்காட்சி செய்ததும் கணக்கெடுப்பு செய்ததும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டும் ஒரு மொழியை மற்றொன்றின் வண்ண வேறுபாடாக ஆக்கின.

இக்குறைபாடு தொடரை எழுதியோர்க்கும் தயாரித்தோர்க்கும் உரியது. அந்த எல்லைக்குள் நின்று நடிகை செய்தது யாது என்பதே ஆராயத்தக்கது. ஏனைய பாத்திரங்கள் வழக்குச்சொற்களை அணிகலன்போல் பயன்படுத்துகையில், சிக்ரி அவற்றை அதிகாரத்தின் கருவியாகப் பயன்படுத்தினார். வீட்டுப் பெண்களை அடக்குகையிலும், வெளியாரிடம் குடும்ப மானத்தைக் காக்கையிலும், பேரனைக் கொஞ்சுகையிலும் அதே சொற்கள் வருகின்றன. தாளமும் சுருதியும் வேறுபடுகின்றன. மரபு என்பது தாதிசாவுக்குக் கொள்கையன்று, பேச்சுப் பழக்கம் என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது. தொலைக்காட்சி விருது ஒன்று அவரை 2008இல் 'எதிர்மறைப் பாத்திர' நடிகை என்னும் பிரிவில் சிறப்பித்தது. அப்பிரிவுக்குள் அடங்காதது அப்பாத்திரம். ஆனந்தியை அடக்கியாண்ட தாதிசா, பின்னாளில் பேரன் ஆனந்தியைக் கைவிட்டபோது பேரனின் பக்கம் நில்லாமல் அவள் பக்கம் நிற்கிறாள். இம்மாற்றத்தின்போது அவள் பேச்சுவழக்கு மாறவில்லை. அதிகாரம் செலுத்திய அதே சொற்களே காப்புச் சொற்களாகின்றன. எழுத்தில் இவ்வேறுபாடு தெரியாது. கேட்டால் மட்டுமே தெரியும்.

5. 'பதாயீ ஹோ': தரமொழியின் தாய் வழக்கு

2018இல் அமித் சர்மா இயக்கிய 'பதாயீ ஹோ', நடுத்தர வயதைக் கடந்து கருவுறும் ஒரு பெண்ணின் குடும்பத்தைப் பற்றிய நகைச்சுவைப் படம். மீரட்டிலிருந்து தில்லிக்கு வந்த குடும்பம் அது. வீட்டுப் பாட்டியாகச் சிக்ரி நடித்தார். செய்தி கேட்டவுடன் மகனையும் மருமகளையும் வசைபாடும் இப்பாட்டி, ஊர்த் திருமணத்தில் உறவினர் மருமகளைப் பழிக்கும்போது, தன்னைப் பேணியவள் அவளே என்று கூறி அவர்களைக் கடிந்துகொள்கிறாள்.

மீரட்டுப் பகுதியின் கௌரவி வழக்கு, இன்றைய தர இந்திக்கும் உருதுவுக்கும் அடிப்படையான கடீபோலியின் நாட்டு வடிவமாகும். ஆயினும் அது நகரத்தார் செவிக்குப் 'பட்டிக்காட்டுப் பேச்சாக' ஒலிக்கிறது. நெடிலை அடுத்த மெய் இரட்டித்தல் அதன் அடையாளங்களுள் ஒன்று. 'ரோட்டீ', 'பேட்டா' என்னும் சொற்களில் உள்ள ஒற்றை வல்லினம் அங்கு அழுத்தம் பெற்று இரட்டையாகிறது. தர இந்தியில் வடசொற்களில் மட்டும் பயிலும் ணகரமும், அறவே இல்லாத ளகரமும் அங்கு இயல்பாக வழங்குகின்றன. இராசத்தானியிலும் பஞ்சாபியிலும் இவ்வொலிகள் உண்டு. சிக்ரி நடித்த நான்கு வழக்குகளுள் உருது நீங்கலான மூன்றும் இந்த நாவளை ஒலிகளைக் கொண்ட வடமேற்கு வட்டாரத்தைச் சார்ந்தவை.

ஒரே நடிகை ஏற்ற இரு பாட்டிகள், தாதிசாவும் இப்பாட்டியும், ஒருவர்போல் மற்றொருவர் ஒலிக்கும் இடர் இங்கிருந்தது. அவ்வாறு நேராமற் காத்தது பேச்சின் வேகமாகும். தாதிசா நிதானமாகப் பேசுபவள். தன் சொல்லை வீடு முழுவதும் காத்திருந்து கேட்கும் என்பதை அறிந்தவள். மீரட்டுப் பாட்டியோ எவரும் காத்திருக்க மாட்டார் என்பதை அறிந்தவள்; இடைபுகுந்து பேசுபவள். வீட்டில் ஒருவர்க்குள்ள இடமே அவருடைய பேச்சு வேகத்தைத் தீர்மானிக்கிறது என்னும் சமூகமொழியியல் உண்மை இங்கு நகைச்சுவையாக வெளிப்படுகிறது. இப்படத்திற்கான விருதை 2019 டிசம்பரில் சக்கர நாற்காலியில் வந்து அவர் பெற்றுக்கொண்டபோது அவையினர் எழுந்து நின்று கைதட்டினர்.

6. தமிழில் தாதிசா

'பாலிகா வது' தமிழில் மொழிமாற்றம் செய்யப்பட்டு 'மண் வாசனை' என்னும் பெயரில் ராஜ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. தமிழ்நாட்டில் சிக்ரியை அறிந்தோருள் மிகப் பலர் அறிந்தது இத்தொடரின் வழியே. அவர்கள் கண்டது சிக்ரியின் முகம்; கேட்டது மற்றொருவர் குரல். பேச்சினால் வாழ்ந்த கலை ஒன்று, பேச்சு நீக்கப்பட்ட நிலையில் வந்து சேர்ந்தது. இதனால் நேரும் இழப்பு எவ்வகையது என்பதை மூன்று கூறுகளின் வழி விளக்கலாம்.

முதலாவது, மரியாதை ஒட்டு. இராசத்தானியின் 'சா' உறவுப்பெயரோடு ஒட்டி 'தாதிசா', 'பாபுசா' என நிலைத்த பெயராகிறது. கேட்போரை நோக்கிய சொற்றொடரின் இறுதியிலும் வருகிறது. தமிழ்ப் பேச்சுவழக்கின் 'ங்க' இவற்றுள் இரண்டாம் பணியை மட்டும் செய்யும். 'சரிங்க', 'இல்லீங்க' என்பன இயல்பு. ஆனால் உறவுப்பெயரோடு சேர்த்துப் 'பாட்டிங்க' என்றால் அது படர்க்கையில் பன்மையாகப் பொருள்படும். படர்க்கை மரியாதையைத் தமிழ் பெயரில் ஏற்றாமல் 'சொன்னாங்க' என்று வினையில் ஏற்றுகிறது. ஆகவே 'சா'வை அப்படியே ஒலிபெயர்த்தால் அது அயன்மைக் குறியாக நிற்கும். விட்டுவிட்டால் மரியாதையின் சுமை முழுவதையும் வினைமுற்று தாங்க வேண்டும். இரண்டாம் வழியே தமிழுக்கு இயைந்தது. எனினும் சிறுமி ஒருத்தி 'தாதிசா' என்று அழைக்கும் ஒவ்வொரு முறையும் அச்சமும் பணிவும் கேட்கும் நிலை அதில் கிட்டாது.

இரண்டாவது, முன்னிலைப் படிநிலை. இந்தியில் 'தூ', 'தும்', 'ஆப்' என மூன்று நிலைகள் உள்ளன. தமிழில் 'நீ', 'நீங்கள்' என இரண்டே உள்ளன என்பது பொதுவான கூற்று. பேச்சுத் தமிழை நோக்கின் இது முழு உண்மையன்று. 'டி', 'டா' என்னும் விளி இடைச்சொற்கள் 'நீ' என்பதனையே இருநிலைப்படுத்துகின்றன. 'வா' என்பதற்கும் 'வாடி' என்பதற்கும் இடையிலுள்ள தொலைவு, 'தும்' என்பதற்கும் 'தூ' என்பதற்கும் இடையிலுள்ள தொலைவோடு ஒப்பிடத்தக்கது. தாதிசா பேத்தி முறையுள்ள சிறுமியிடம் பேசுவதற்குத் தமிழில் ஏற்ற வடிவம் 'வாடி' என்பதே. ஆனால் இவ்வடிவம் சினத்திலும் வரும், செல்லத்திலும் வரும். இலக்கணம் முடிவுசெய்யாமல் விட்டதைக் குரலே முடிவுசெய்யும். மொழிபெயர்ப்பாளர் சரியான வடிவத்தைத் தெரிந்தெடுத்த பின்னும், பொருள் பின்குரல் கலைஞரின் தொண்டையில்தான் நிறைவுபெறுகிறது.

மூன்றாவது, நிறுத்தம். இந்தியும் தமிழும் வினையை இறுதியிற் கொண்ட மொழிகள். இதனால் வாயசைவுக்கு ஏற்பத் தொடர்களை அமைப்பது ஆங்கிலப் படங்களைக் காட்டிலும் எளிது என்பர். ஆனால் எதிர்மறை இவ்விரு மொழிகளிலும் ஒரே இடத்தில் வருவதில்லை. 'மைன் நஹீன் ஜாஊங்கீ' என்னும் இந்தித் தொடரில் மறுப்பு வினைக்கு முன் வருகிறது. 'நான் போக மாட்டேன்' என்பதில் வினைக்குப் பின் வருகிறது. வினைமுற்றுக்கு முன் நடிகை ஒரு நிறுத்தம் விடுவாராயின், இந்தி கேட்போர்க்கு மறுப்பு தெரிந்துவிட்டது. எது மறுக்கப்படுகிறது என்பதே எஞ்சியிருக்கிறது. தமிழ் கேட்போர்க்கோ செயல் தெரிந்துவிட்டது. உடன்பாடா மறுப்பா என்பது எஞ்சியிருக்கிறது. முகம் மறுப்பைக் காட்டிவிட்ட பின்னும் சொல் அதைக் கூறவில்லை. நிறுத்தங்களால் பொருள் உணர்த்தும் நடிகையின் முகத்திற்கு வேறொரு மொழியின் சொல்லைப் பொருத்துகையில் இச்சிக்கல் மிகுதியாகிறது. 'முடியாது' என்பதைத் தனித்தொடராக முன்னே நிறுத்தி, 'நான் போகமாட்டேன்' என்று பின்னே அமைப்பது ஒரு தீர்வு. இது நீளத்தைக் கூட்டும். எனவே எல்லா இடத்திலும் இயலாது.

இவற்றோடு ஒலிகளின் சமூகப் பொருளையும் எண்ணிப் பார்க்கலாம். தர இந்தியைப் பேசுவோர் செவியில் 'பீந்தணி' என்பதன் ணகரமே நாட்டுப்புறத்தைக் காட்டிவிடுகிறது. தமிழில் ணகரமும் ளகரமும் எல்லார்க்கும் உரிய ஒலியன்கள். ஒலியை மாற்றமின்றித் தமிழுக்குக் கொண்டுவரலாம். அது சுமந்துவந்த ஊரும் சாதியும் வயதும் உடன் வருவதில்லை. வட்டார வழக்குக்கு ஈடாகக் கொங்குத் தமிழையோ நெல்லைத் தமிழையோ பயன்படுத்தினால் என்ன என்னும் வினா எழலாம். பாலைநிலத்து உடையும் மாளிகையும் கண்முன் நிற்கையில் நெல்லைப் பேச்சு கேலியாகிவிடும். இதனால்தான் போலும், வட இந்தியத் தொடர்களின் தமிழ் வடிவங்களில் எந்த ஊருக்கும் உரியதல்லாத ஒரு பேச்சுத் தமிழ் பொதுவாக வழங்குகிறது. 'மண் வாசனை' என்னும் பெயர் 1983இல் பாரதிராஜா இயக்கிய தமிழ்ப் படத்திற்கும் உரியது. அப்படம் தன் மண்ணின் பேச்சையே உயிராகக் கொண்டிருந்தது. அதே பெயரைத் தாங்கிய தொடரில் மண்ணின் பேச்சுக்கு இடமில்லாமற் போயிற்று.

வட்டாரத்தைத் தர இயலாத நிலையில் வயதைத் தரலாம். மூத்த பெண்களின் தமிழுக்கென்றே விளிகளும், வசைகளும், வாழ்த்துகளும், பழமொழிகளும் உண்டு. அவை எந்த மாவட்டத்தையும் சுட்டாமல் தலைமுறையைச் சுட்டுவன. தாதிசாவின் அதிகாரம் ஊரால் வந்ததன்று. வயதாலும் கைம்மையாலும் குடும்பத் தலைமையாலும் வந்தது. ஆகவே தலைமுறை வழக்கைக் கொண்டு அப்பேச்சை அமைப்பது மூலத்துக்கு நெருங்கிய வழியாகும்.

7. முடிவுரை

சுரேகா சிக்ரி ஏற்றவை பெரும்பாலும் தாய், பாட்டி, அண்டைவீட்டாள் என்னும் பாத்திரங்களே. கதையின் நடுவில் நிற்கும் இடம் அவருக்கு அரிதாகவே கிடைத்தது. ஆயினும் பஞ்சாபியின் ஓசையை இலக்கணத் துணையின்றி உணர்த்தியும், உருதுவை அணிநயத்திலிருந்து மீட்டு அடுக்களைக்குக் கொணர்ந்தும், செயற்கையான இராசத்தானிக்கு உயிர் தந்தும், தரமொழியின் தாய்வழக்கைத் தரமொழிக்கு நினைவூட்டியும் அவர் செய்த பணி, 'இந்தி' என்னும் ஒற்றைப் பெயருக்குள் எத்தனை பேச்சுகள் வாழ்கின்றன என்பதற்குச் சான்றாக விளங்குகிறது. விருதுப் பட்டியலோ கணக்கெடுப்போ காட்டாத வேறுபாடுகளை அவருடைய குரல் காட்டிற்று.

மொழிமாற்றம் அக்குரலை நீக்கியே அவரைப் பிறமொழியாளரிடம் கொண்டுசேர்த்தது. இது தவிர்க்க இயலாதது எனினும் ஈடுசெய்ய இயலாததன்று. மொழிமாற்றத் தொடரின் உரையாடலை ஆக்கியவரும் பின்குரல் தந்தவரும் அப்பாத்திரத்தின் இணைப்படைப்பாளர் ஆவர். அவர்தம் பெயர்கள் நடிகரின் பெயரோடு பதிவுசெய்யப்பட வேண்டும். மூலக்குரலும் மாற்றுக்குரலும் ஒருங்கே பாதுகாக்கப்பட்டால், ஒரே முகத்தில் இரு மொழிகள் எவ்வாறு இயங்கின என்பதை ஒப்பிட்டு ஆராய இயலும். உரைநடை மொழிபெயர்ப்பில் மூலமும் பெயர்ப்பும் நூலகத்தில் அருகருகே இருக்கின்றன. தொலைக்காட்சி மொழிபெயர்ப்பில் அந்நிலை இன்னும் ஏற்படவில்லை. அது ஏற்படும்வரை, தமிழர் பல ஆண்டுகள் நாள்தோறும் கண்ட தாதிசாவின் பேச்சைத் தமிழில் மதிப்பிடுவதற்கு முழுமையான சான்று கிடைக்காது.